நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம், ஆனாலும் இருமல் போகவில்லையா?

இருமல் எட்டு வாரத்தைத் தாண்டியிருக்கும். காய்ச்சல் கிடையாது, சளியும் பெரிதாக இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம், ஆனால் நடுராத்திரிக்கு மேல் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்கள். இப்படி வருகிறவர்களின் பையில் சிரப் பாட்டில்களும் பாதி முடிந்த ஆன்டிபயாடிக் அட்டைகளும் கட்டாயம் இருக்கும். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று சொன்னால், வீசிங் சத்தமே இல்லையே, இது எப்படி ஆஸ்துமா ஆகும் என்பார்கள். இருமல் மட்டுமே தெரிகிற ஆஸ்துமாவும் உண்டு, சின்ன வயதில் எட்டிப் பார்க்காமல் நாற்பதில் வருவதும் உண்டு.

ஆஸ்துமா என்று முடிவு கட்டும் முன் நான் கேட்பவை சில. சிரித்தால், மாடி ஏறினால், குளிர்காற்று பட்டால் இருமல் கிளம்புகிறதா? லீவு நாட்களில் குறைகிறதா (மாவு, மரத்தூள், பெயிண்ட் புழங்கும் வேலை என்றால் இது முக்கியமான தடயம்)? மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் உண்டா? ரத்த அழுத்தத்துக்கு ரமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரை போடுகிறீர்களா? அந்த வகை மாத்திரையே வறட்டு இருமலைக் கொடுக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து இருக்கிறது. அப்புறம் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் டெஸ்ட். தொந்தரவு இல்லாத நாளில் ஊதினால் அது நார்மலாகவே வரலாம், அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்ஹேலர் என்றதும் முகம் மாறும். "பழகிடுமே டாக்டர், மாத்திரையா கொடுங்க." ஒரு சின்ன பிரட்னிசோலோன் மாத்திரையில் 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு முறை இழுப்பது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான், அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. பயப்பட வேண்டியது எதற்கு என்று நீங்களே பாருங்கள். உடனே மூச்சை இலகுவாக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் வைத்து ஓட்டுவதும் சரியில்லை. அது இறுகிய குழாயைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. லேசான ஆஸ்துமாவுக்கும் அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019லேயே மாறிவிட்டது.

மருந்து சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இழுக்கும் விதத்தை. என் முன்னால் இழுத்துக் காட்டச் சொன்னால், அழுத்திவிட்டு அப்புறம் சாவகாசமாக இழுப்பார்கள், மருந்து புகையாக வாய் வழியே வெளியே வரும். ஸ்பிரே வகையைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பித்தவுடன் அழுத்தி, இழுத்து முடித்து, பத்து விநாடி அடக்க வேண்டும். கைக்குப் பிடிபடாவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குடுவை) போட்டுக்கொள்ளுங்கள். பவுடர் வகை நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் மூச்சை ஊதக் கூடாது. எதுவானாலும் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.

வீட்டில் படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், தூசிப்பூச்சி சாகும். சுவரில் பூஞ்சை இருந்தால் கசிவை அடைத்துவிடுங்கள். சிகரெட் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாதக்கணக்கில் இருமல் இல்லாமல் இருந்தால் டோஸைக் குறைப்பது பற்றிப் பேசலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு. எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், சளியில் ரத்தம் என்றால் அது வேறு விஷயம், காசநோய் உட்பட எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.