தோல் கறுத்தால் பழம் கெட்டதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பழம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், பலர் சொல்வது: "வாழைப்பழம் வாங்குவோம், பாதி குப்பைக்குத்தான் போகும்." ரப்பர், செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியேறிய வயதானவர்கள், வீட்டில் இரண்டே பேர். ஆனால் பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் வாங்குவது முழுச் சீப்பு. குறைந்த விலையில் கிடைக்கிற நல்ல பழம் இப்படி வீணாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாழை பறித்த பிறகும் பழுக்கும். எத்திலீன் என்ற வாயுவை அதுவே விட்டு, தன்னையும் பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைக்கும். நம் பெரியவர்கள் வாழைத்தாரை மூடிவைத்துப் புகை மூட்டம் போட்டதும் இதற்குத்தான், புகையிலும் எத்திலீன் உண்டு. தெரியாமல் நாமும் மூட்டம்தான் போடுகிறோம். பசாரில் கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் பையை முடிச்சு அவிழ்க்காமல் மேசையில் வைத்தால், வாயுவும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். தகரக் கூரையின் கீழ் மதிய வெக்கையும் சேர்ந்தால் காம்பு இளகி, பழம் தானாகக் கழன்று விழும்.

ஆகவே வந்ததும் பையைப் பிரித்துவிடுங்கள். சீப்பை அடுப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் கொக்கியில் தொங்கவிடுங்கள். அடிப்பக்கம் நசுங்காது. மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் இருக்கிற கூடையில் சேர்க்க வேண்டாம். கதவு மூடிய சாமி அலமாரியில் சாம்பிராணிப் புகையோடு விடவும் வேண்டாம். பூசை முடிந்ததும் எடுத்துவிடலாம். காம்பில் பிளாஸ்டிக் சுற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் வெக்கையைக் குறைப்பதுதான் பெரிய பலன் தரும்.

வாங்கும்போதே பாதிச் சீப்பு கேளுங்கள், வெட்டித் தருவார்கள். பிசாங் மாஸ் என்கிற சின்ன வாழைப்பழத்தின் தோல் மெல்லியது, இரண்டு நாளில் தீருகிற அளவு போதும்.

குழப்பமெல்லாம் ஐஸ் பெட்டியில், அதாவது ஃப்ரிட்ஜில்தான். பச்சைக் காயை அதில் வைக்கவே கூடாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழையின் திசு பாதிக்கப்படும். ஐஸ் பெட்டியில் இருப்பதோ 4 டிகிரி போல. தோல் சாம்பல் பூத்து மங்கும், உள்ளே கட்டியாகவே நிற்கும், வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. நன்றாகப் பழுத்ததை வைத்தால் கதை வேறு. தோல் கறுக்கும், சதை இன்னும் சில நாள் நன்றாகவே இருக்கும். ஒரு பாட்டி அப்படிக் கறுத்த ராஸ்தாளியைக் காட்டி, "இதத் தூக்கிப் போடவா மிஸ்?" என்றார். அங்கேயே உரித்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. "அட, நல்லாத்தானே இருக்கு!" என்று பாதியை அவரே சாப்பிட்டார்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறிவிடும். அதனால் தளரப் பழுத்ததைவிட, மஞ்சளாகி இன்னும் கெட்டியாக இருப்பது மேல். அதிலும் சின்னதாக ஒன்று.

தளர்ந்துபோனதை உரித்து, துண்டு போட்டு, டப்பாவில் ஃப்ரீஸரில் வையுங்கள். மாவில் பிசைந்து கோடோக் கோடோக் என்கிற வாழைப்பழ உருண்டை பொரிக்க அதுதான் சரியான பதம். புளித்த வாடை அடித்தாலோ, நீர் கசிந்தாலோ, காம்போரம் பூஞ்சை சதைக்குள் இறங்கியிருந்தாலோ, அதை மட்டும் எறியுங்கள்.