ஒரிஜினல்: பழைய காருக்கு விலை வைக்கிற சொல்

பழைய கார் விற்பனை விளம்பரங்களில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லைப் போல அடிபடுகிற சொல் வேறில்லை. ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் என்ஜின், ஒரிஜினல் சீட், ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம். நான்கு இடத்திலும் ஒரே சொல், ஆனால் ஒரே பொருள் இல்லை. பெயிண்ட் என்றால் தொழிற்சாலையில் அடித்த பூச்சு. சீட் என்றால் சட்டம் பழையது, மேல்துணி போன வருடம் தைத்ததாகக்கூட இருக்கலாம். ஆர்.சி. என்றால் நகல் அல்லாதது. என்ஜினுக்கு வரும்போதுதான் விவகாரம். அந்த வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த என்ஜினும் ஒரிஜினல், அதே கம்பெனி செய்து வேறொரு வண்டியில் ஓடிய என்ஜினும் ஒரிஜினல். விற்பவர் இரண்டாவதைச் சொல்லுவார், வாங்குபவர் முதலாவதைக் கேட்டுக்கொள்வார். விலையில் பெரிய தொகை ஏறுவதும் இறங்குவதும் இந்த இடைவெளியில்தான்.

சொல்லின் வேரைப் பார்க்கலாம். லத்தீனில் ‘ஓரிரி’ என்றால் எழுவது, உதிப்பது. அதிலிருந்து ‘ஓரிகோ’, தோற்றுவாய். சூரியன் உதிக்கிற கீழ்த்திசைக்கு ‘ஓரியன்ட்’ என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஆரம்ப காலத்தில் அதிகம் புழங்கிய இடங்களில் ஒன்று கிறிஸ்தவ இறையியல். ஆதாமிடமிருந்து மனிதருக்கு வந்ததாகச் சொல்லப்படும் ‘ஒரிஜினல் சின்’ என்ற பாவத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘ஜென்மப் பாவம்’ என்று மொழிபெயர்த்தார்கள். பிறப்போடு வந்தது என்ற பொருளை அச்சாகப் பிடித்த மொழிபெயர்ப்பு. ‘யாரையும் பார்த்துச் செய்யாதது, புதுமையானது’ என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது. அந்தப் பொருளுக்குக் காரில் வேலையில்லை. ‘ஒரிஜினலாக யோசித்து’ யாராவது பழைய காரில் கைவைத்தால் அதோடு அதன் மதிப்பு போயிற்று.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடி அலைய வேண்டாம், புழக்கத்திலேயே இருக்கிறது: அசல். ‘அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்’ என்று அரசு அறிவிப்பில் வருகிற அதே அசல். அரபியில் ‘அஸ்ல்’ என்றால் வேர், அடி. நீதிமன்றப் பத்திரங்களிலும் வரவு செலவுக் கணக்குகளிலும் பழகி, ‘அசலும் வட்டியும்’ என்ற தொடரில் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது. வடமொழி வழி வந்த ‘மூலம்’ என்ற சொல்லுக்கும் வேர் என்றே பொருள். மூலப்பத்திரம், மூலநூல் என்கிறோம். ஆனால் ‘மூல என்ஜின்’ என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். அசலே இருக்கட்டும்.

ஒரு சின்ன வேடிக்கை. ‘அயல்’ என்ற சொல்லின் திரிபாக இன்னொரு ‘அசல்’ தமிழில் உண்டு: அண்டை அசல், அசலூர், அசலார். அந்தக் கணக்கில் ‘அசல் என்ஜின்’ என்றால் பக்கத்து வண்டியிலிருந்து கழற்றி வந்த என்ஜின். சில விளம்பரங்களுக்கு இந்தப் பொருள்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

சரி, வண்டிக்குப் போவோம். என்ஜினில் குத்திய எண் அது பிறந்த காரின் எண்ணோடு பொருந்துவதை, ‘நம்பர் மேட்சிங்’ என்று பழைய கார்க்காரர்கள் சொல்வதை, மிகக் கறாராக ஆராய்கிறவர்கள் அமெரிக்காவின் செவர்லே கார்வெட் பிரியர்கள். 1960களின் கார்வெட் என்ஜினில், ஓட்டுநர் பார்க்கிற திசையில் வலது சிலிண்டர் ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) முன்னால் விரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். அதில் இரண்டு வரிசை எழுத்து குத்தப்பட்டிருக்கும். ஒன்று என்ஜின் தொழிற்சாலை குத்தியது: முதல் எழுத்து ஊர், அடுத்த நான்கு எண்கள் மாதமும் நாளும், கடைசி எழுத்துகள் எந்த ரக என்ஜின், எந்த கியர்பாக்ஸுக்கு என்பதைச் சொல்லும். இன்னொன்று கார் எண்ணின் பின்பகுதி. அது போதாது. என்ஜினின் அடிப்படை உடலான பிளாக்கை வார்த்த தேதி அதன் மேலேயே வார்ப்பில் இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி எண். ‘ஏ 15 7’ என்றால் 1967 ஜனவரி 15. பிளாக் வார்த்த நாள் முதலில் வரவேண்டும், என்ஜின் கோத்த நாள் அடுத்து, கார் முடிந்த நாள் அதற்கும் அடுத்து. வரிசை பிசகினால் கதை பொய்.

இத்தோடும் விடமாட்டார்கள். அந்தச் சமதளத்தைத் தொழிற்சாலையில் இழைத்தபோது மெல்லிய இணைகோடுகள் விழுந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதைத் தேடுவார்கள். கோடு இல்லாமல் வழவழவென்று இருந்தால் யாரோ பழைய எண்ணை இழைத்துவிட்டுப் புது எண் குத்தியிருக்கலாம். இதில் ஒரு பரிதாபமும் உண்டு. என்ஜினை முறையாகச் சீரமைக்கிற மெக்கானிக் ஹெட் உட்காரும் முகத்தை மட்டப்படுத்தும்போது அந்த எழுத்தும் சேர்ந்து அழிந்துவிடும். நல்ல வேலை செய்தவருடைய வண்டியும் திருட்டு வேலை செய்தவருடைய வண்டியும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். பிளாக் அந்தக் காரோடு பிறந்ததுதான், ஆனால் நிரூபிக்க முடியாது. சந்தை நிரூபணத்துக்குத்தான் பணம் கொடுக்கும். 1967-இல் எல்88 என்ற பந்தய ரக என்ஜினோடு வெளிவந்த கார்வெட்டுகள் வெறும் 20. போலிக் குத்துக்கு ஏன் இவ்வளவு ஆசை என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரியும்.

இந்த வகை என்ஜினுக்கு ‘எண் பொருந்திய என்ஜின்’ என்று தமிழில் எழுதலாம், தப்பில்லை. எனக்குப் பிடித்தது ‘உடன்பிறந்த என்ஜின்’. ஏனென்றால் எண் பொருந்துவது என்பது நம் ஊரில் வேறொன்றைக் குறிக்கும். இங்கே நம்பர் மேட்சிங் என்றால் ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். அது சட்டப்படி அவசியம்தான். ஆனால் நடுவில் என்ஜினை மாற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிந்திருந்தாலும் எண் ஒத்துத்தான் போகும். ஒத்துப்போக வேண்டியது தொழிற்சாலைப் பதிவேட்டோடு. ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி. மாதிரியான பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பழைய உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்து, இந்தச் சேசிஸ் எந்த என்ஜினோடு, என்ன நிறத்தில் வெளியே போனது என்று சான்றிதழ் எழுதித் தருகிறது. ஆர்.சி.யை மட்டும் காட்டி ‘எல்லா நம்பரும் கரெக்ட்’ என்பவரிடம் கேட்க வேண்டிய காகிதம் அதுதான்.

அடுத்தது பூச்சு. நம் பட்டறைப் பலகைகளில் இன்றும் காணும் ‘டூக்கோ பெயிண்டிங்’ 1920களில் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த லாக்கர் பூச்சின் வணிகப் பெயர். அந்தக் காலப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னாது. டிங்கரிங் பார்த்து, பட்டி தேய்த்து, இன்றைய பூச்சை அடித்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினால் வண்டி புதிதாக இருந்த அன்றைக்கு இருந்ததைவிட அழகாகிவிடும். அதைப் புதுப்பித்த வண்டி என்று சொல்லலாம், அசல் என்று சொல்ல முடியாது. ஒரு வண்டி ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்கும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் வருகிற பேச்சு. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஒரு படத்தின் துரத்தல் காட்சியில் ஓட்டிய 1968 மாடல் பச்சை மஸ்டாங்கை 1974-இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. பூச்சு மங்கி, துரு தெரிய, கேமரா மாட்டப் பற்றவைத்த பிடிகள்கூட அடியில் அப்படியே இருக்க, அது 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்தது. கமிஷன் சேர்த்து 37.4 லட்சம் டாலர். யாராவது அதை அன்போடு பாலிஷ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு ஆங்கிலத்தில் உயிர்பிழைத்தது என்ற பொருளில் ‘சர்வைவர்’ என்கிறார்கள். தமிழில் ‘கைபடாத வண்டி’ போதும்.

இதுவரை சொன்னது பாகத்தின் அசல்தன்மை. முழு வண்டியின் அசல்தன்மை வேறு கதை. அது ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது.

பிரிட்டிஷ் கம்பெனியான பென்ட்லியின் ஸ்பீட் சிக்ஸ் ரகக் கார்களில் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று ஒன்று. 1929-இல் வுல்ஃப் பார்னடோவும் டிம் பர்கினும் அதை ஓட்டி பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார்கள். மறு வருடம் பார்னடோ, கிளென் கிட்ஸ்டனோடு சேர்ந்து மறுபடி ஜெயித்தார். பந்தயக் கார் என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னும் பின்னும் பிரித்துக் கோப்பார்கள், தேய்ந்ததைத் தூக்கிப்போடுவார்கள். 1932-இல் 8 லிட்டர் என்ஜின் ஏற்றிய நிலையில் அந்தக் கார் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தின் சாய்வுக் கரையைத் தாண்டி விழுந்தது, ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். அப்புறம் மறுபடி கட்டினார்கள், வேறு பாடி ஏறியது. பல பத்தாண்டு கழித்து அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பிறகு, இது அந்த ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை என்று சொல்லிப் பின்வாங்கியது. உரிமையாளர் ஹப்பர்ட் வழக்குப் போட்டார்.

1990-இல் நீதிபதி ஆட்டன் தந்த தீர்ப்பைச் சொல் விளக்கம் எழுதுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1929-இல் ஜெயித்த வண்டியிலிருந்து சில்லறைப் பொருத்துகள் தவிர எதுவும் மிஞ்சவில்லை, 1930-இல் ஜெயித்த நிலையிலிருந்து மிஞ்சியதும் பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்கள்தான். அதனால் இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது என்றார் அவர். அதற்காக இது நகலும் இல்லை, மறுகட்டுமானமும் இல்லை. புதுப் பாகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக, ஓடுகிற வண்டிக்குள் சேர்ந்தன. எந்தக் கட்டத்திலும் வண்டி தன் அடையாளத்தை இழக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகத்தில் வேறு பென்ட்லியும் இல்லை. ஆகவே இது ‘அதென்டிக்’ ஓல்ட் நம்பர் ஒன் என்று முடித்தார். ஹப்பர்ட் ஜெயித்தார்.

அசல் வேறு, அதென்டிக் வேறு என்று இங்கே பிரிகிறது. தமிழில் பலர் இரண்டுக்கும் ‘உண்மையான’ என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். அதென்டிக் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், தன் சொந்த அதிகாரத்தில் நிற்பது என்ற கருத்து அதில் உண்டு. இந்தக் கார் விஷயத்தில் அதன் உயிர் ‘தொடர்ச்சி’ என்பதில் இருக்கிறது. நிலம் வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம்வரை இடையில் அறுபடாமல் வருகிறதா என்று பார்க்கிற அதே தொடர்ச்சி. ஆகவே ‘தொடர்ச்சி அறாத’ என்பதே நான் வைக்கும் தமிழ். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. பழைய வண்டி யார் யாரிடம் கைமாறி வந்தது என்ற ரசீது, புகைப்படம், சர்வீஸ் புத்தகம் எல்லாம் கூடுதல் விலை பெறுவதும் இதனால்தான்.

2018-இல் கலிஃபோர்னியாவில் 4.84 கோடி டாலருக்கு ஏலம்போன ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் பாடிகூட அது பிறந்தபோது இருந்த பாடி இல்லை. ஆனால் 1964-இல், பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஃபெராரிக்கு வழக்கமாகப் பாடி கட்டும் ஸ்காலியெட்டி ஏற்றியது. என்ஜினும் கியர்பாக்ஸும் உடன்பிறந்தவை. அந்த மாற்றம் வண்டியின் வரலாற்றில் ஒரு பக்கமாகிவிட்டது. அதே மாற்றத்தை 1994-இல் யாராவது செய்திருந்தால் அதைச் சேதம் என்றே கணக்கு வைத்திருப்பார்கள்.

இந்தியச் சட்டம் இவ்வளவு நுணுக்கத்துக்குள் போவதில்லை. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் வின்டேஜ். அவை ‘ஒரிஜினல் வடிவில்’ பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் மாற்றம் செய்த பெரிய மராமத்து கூடாது. பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து. தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக முடியாது. (வின்டேஜ் என்பதே திராட்சை அறுவடையைக் குறிக்கிற சொல். பிரிட்டனில் கறாராகப் பேசுகிறவர்களுக்கு 1919 முதல் 1930 வரை செய்த கார்கள் மட்டும்தான் வின்டேஜ். நம் செய்தித்தாள்களின் ‘பழங்கால கார்’ எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற தாராளமான சொல்.)

பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் என்ஜின் ஏற்றி, நம் டாக்ஸி ஸ்டாண்டுகளில் வாழ்ந்து முடித்த பிளிமத், டாட்ஜ், செவர்லேக்கள் இந்த விதியைத் தாண்டுவது கஷ்டம். அந்த டீசல் என்ஜினும் அந்த வண்டியின் வாழ்க்கைதான், பந்தயக் காருக்கு 8 லிட்டர் என்ஜின் போல. ஆனால் பிளிமத்துக்கு லெ மான் கோப்பை இல்லை, வழக்குப் போட ஆளும் இல்லை. விதியின் வாசகத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் ஓல்ட் நம்பர் ஒன்னுக்கும் இங்கே ‘வி.ஏ.’ பிளேட் கிடைப்பது சந்தேகம்.