பேட்ரன்: கொடையாளர் அல்ல, புரவலர்

லத்தீனில் 'பாத்தெர்' என்றால் தந்தை. அதிலிருந்து வந்தது 'பத்ரோனுஸ்': தன்னை அண்டியவர்களுக்காக வழக்கு மன்றத்தில் பேசும், தான் விடுவித்த அடிமைக்கும் பொறுப்பேற்கும் ரோமானியப் பெரிய மனிதர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பேட்ரன்' ஆயிற்று. (பேட்டர்ன் என்பதும் இதே சொல்லின் திரிபுதான்.)

கலைகளை ஆதரித்துப் பேணுபவரைக் குறிக்கும் இந்தச் சொல்லைத் தமிழில் 'கொடையாளர்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். அது எங்கே இடறுகிறது என்பதை ஆர்க்கெஸ்ட்ராக்களைத் தாங்கிப்பிடித்த 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் சங்கங்களை வைத்துப் பார்க்கலாம்.

1889-இல் நியூயார்க்கை ஒட்டிய புரூக்ளினில் லாரா லாங்ஃபோர்டு தொடங்கிய சைடல் சொசைட்டி முழுக்கப் பெண்களுடையது. ஆன்டன் சைடல் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கோனி ஐலண்டின் பிரைட்டன் பீச்சில் கோடைக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தது. சின்சினாட்டியில் 1894-இல் பெண்களே ஆர்க்கெஸ்ட்ரா அசோசியேஷனை அமைத்தார்கள். தலைவர் ஹெலன் டாஃப்ட், பின்னாளில் அமெரிக்க அதிபரான வில்லியம் டாஃப்டின் மனைவி. மறு ஆண்டே கச்சேரி தொடங்கிவிட்டது.

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் ஒத்திகைக்கும் சம்பளம் உண்டு. அன்றன்று விற்கும் டிக்கெட்டை நம்பினால் கட்டாது. சம்பளம் உறுதியில்லை என்றால் வாத்தியக்காரர்கள் நாடகக் கொட்டகைக்கும் நடன விருந்துக்கும் போய்விடுவார்கள். ஒத்திகைக்கு ஒத்திகை ஆள் மாறினால் சிம்பனி தேறாது. இதற்கு வழி இரண்டு. ஒன்று சந்தா: பருவம் முழுவதற்குமான இருக்கைப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவது. மற்றது பிணைநிதி: பருவ முடிவில் துண்டு விழுந்தால் இன்ன தொகை வரை நான் தருகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவது. கையெழுத்திடும் நாளில் காசு கைமாறுவதில்லை. அதைக் கொடை என்பது எப்படி? ஆண்டுதோறும் துண்டு விழுந்தால் கையெழுத்திட்டவர்கள் சலித்துப்போவார்கள் என்பதுதான் இதன் பலவீனம். பணநெருக்கடியோடு தொழிலாளர் தகராறும் சேர்ந்து 1907-இல் சின்சினாட்டி ஆர்க்கெஸ்ட்ரா நின்றே போனது. 1909-இல் இளைஞர் ஸ்டொகாவ்ஸ்கியை இசை நடத்துநராக்கி அதே அசோசியேஷன் மீண்டும் தொடங்கியது.

ஆக, பேட்ரனின் வேலை பணத்தைக் கொடுப்பதல்ல, ஆர்க்கெஸ்ட்ரா விழாமல் காப்பது. 'புர' என்ற வினைக்குப் பொருளே காத்தல், பேணுதல். 'இரவலர்' என்பதற்கு எதிரே 'புரவலர்' என்று நிறுத்துகிறது புறநானூறு. இன்று நம் நூலகங்களில் ஒருமுறை ஆயிரம் ரூபாய் கட்டியவரும் புரவலர். சொல் கொஞ்சம் இளைத்துத்தான் போயிருக்கிறது.

தந்தையில் பிறந்த சொல்லைப் பெண்ணுக்கு ஆக்க, ஆங்கிலம் 'பேட்ரனெஸ்' என்று வால் சேர்த்தது. 'புரவலர்' இருபாலருக்கும் பொது. 'பெண் புரவலர்' என்று எழுத வேண்டியதில்லை. ஹெலன் டாஃப்ட் புரவலர், அவ்வளவே.