முதல் மூச்சுக்குச் சாதாரணக் காற்று

குழந்தை பிறந்துவிட்டது, அழவில்லை. ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை. அப்புறம் முகத்தில் சின்ன மாஸ்க்கைப் பொருத்தி, நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் ஆம்பு பையை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அமுக்குவார்கள். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் இது தொடங்கிவிட வேண்டும். 3 கிலோ குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் போக வேண்டியது சுமார் 15 மில்லி காற்று, மூன்று டீஸ்பூன் அளவுதான்.

1990களில்கூட அந்தப் பையோடு நூறு சதவீத ஆக்சிஜனை இணைப்பதே வழக்கம். மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் தருவதில் என்ன தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். நார்வே மருத்துவர் ஓலா சாக்ஸ்டாட் அதைச் சந்தேகித்தார். ஆக்சிஜன் கிடைக்காத திசுக்களில் ஹைபோசாந்தைன் என்ற பொருள் சேர்கிறது. அந்த நிலையில் ஆக்சிஜன் வெள்ளமாகப் பாய்ந்தால், செல்களை அரிக்கும் வீரியமான மூலக்கூறுகள் உண்டாகின்றன.

டெல்லியில் சித்தார்த் ராம்ஜியும் சாக்ஸ்டாடும் சேர்ந்து 84 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். சாதாரணக் காற்று ஆக்சிஜனுக்குச் சளைக்கவில்லை. 1998இல் 6 நாடுகளில் 609 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு வந்தது. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தால் காற்று, ஒற்றைப்படையில் ஆக்சிஜன். எதைக் கொடுக்கிறோம் என்று மருத்துவருக்குத் தெரியும் என்பதால் கறாரான முறை என்று சொல்ல முடியாது. ஆனாலும் காற்று பெற்ற குழந்தைகள் சற்று முன்னதாகவே மூச்செடுத்தன. 2004இல் 5 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆக்சிஜனுக்குப் பதில் காற்று கொடுத்தால் 20 குழந்தைகளுக்கு ஒரு உயிர் கூடுதலாகப் பிழைக்கும் என்று கணக்கு வந்தது. எவ்வளவு பெரிய வித்தியாசம்! 2010இல் உலக வழிகாட்டுதல்கள் மாறின: நிறைமாதக் குழந்தைக்குக் காற்றில் தொடங்கு. குறைமாதக் குழந்தைக்கு 21 முதல் 30 சதவீத ஆக்சிஜனில் தொடங்கலாம் என்று 2015 வழிகாட்டுதல்கள் சொல்லின.

கருப்பையில் குழந்தை குறைந்த ஆக்சிஜனிலேயே வளர்கிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு முதல் நிமிடத்தில் 60 சதவீதம்தான் இருக்கும். 80ஐத் தாண்ட ஐந்து நிமிடம் ஆகும். அதனால் வலது கையில் ஆக்சிமீட்டரை மாட்டி, படிப்படியாக ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தின் நிலவரத்தை அந்தக் கைதான் சரியாகக் காட்டும்.

அமுக்கியும் நெஞ்சு எழும்பவில்லையா? ஆக்சிஜன் குமிழைத் திருப்புவதற்கு முன் மாஸ்க் ஒட்டியிருக்கிறதா, தலை நேராக இருக்கிறதா, வாயில் சளி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று நுரையீரலை எட்டிவிட்டால், உடம்பு சிவப்பதற்கு முன்பே இதயத்துடிப்பு ஏறும்.