ஷெட்டில் நிற்கும் காரை எது தின்கிறது?

பல வருடங்களாக மூடிவைத்த பழைய கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், "வண்டி அதிகம் ஓடவில்லை" என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். கேட்பவருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும். பழைய கார்களைப் பிரித்துச் சேர்த்துப் பழகியவர் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். ஓடிய காரில் எவை தேய்ந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், பேரிங், பிரேக் லைனிங் எல்லாவற்றையும் அளந்து பார்த்து மாற்றிவிடலாம். நின்றுபோன கார் அப்படியில்லை. எது எங்கே கெட்டிருக்கிறது என்று பிரிக்காமல் சொல்ல முடியாது.

அந்தச் சேதத்தில் பெரும்பகுதிக்குத் தண்ணீர்தான் காரணம். ஒரு சொட்டு மழைகூடப் படாத காருக்குள்ளும் அது நுழைந்துவிடும்.

முதலில் தகரம். இரும்பு துருப்பிடிப்பது உண்மையில் ஒரு மின்சார வேலை. ஒரே தகட்டின் ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே இன்னோர் இடத்துக்குப் போய், அங்கே ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனிகளாக்குகின்றன. இரண்டு இடங்களுக்கும் நடுவில் அயனிகள் நகர ஈரப்படலம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவின் வேகம் கூடத் தொடங்கிவிடும். உப்பும் சேர்ந்தால் மின்னோட்டம் இன்னும் எளிதாகப் பாயும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடம்தான் கரையும் இடமாக மாறுகிறது. அதனால்தான் காற்றுப் படும் நடுத்தகட்டைவிட, இரண்டு தகடுகள் சேரும் மடிப்பும், சேறு அடைந்த மூலையும், கதவின் அடி உட்புறமும் முதலில் போகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் மேலிருக்கும் பெயிண்டைத் தூக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினால் பொத்தென்று உள்ளே இறங்கும். அவ்வளவு தூரம் புரையோடியிருக்கும். மேலே பட்டி பூசிப் பளபளப்பாக்கி விற்கும் காரைவிட, துருவை மறைக்காமல் காட்டும் காரை வாங்குவதுதான் என் கணக்கில் லாபம்.

அலுமினியத்தின் ஆக்சைடு இப்படி உதிராது. மேலே ஒட்டிக்கொண்டு அடியில் உள்ளதைக் காக்கும். ஆனால் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒரு பேட்டரிபோலாகி, அலுமினியம் அரிக்கப்படும். 1948-இல் வந்த லேண்ட் ரோவரின் அலுமினியக் கலவைத் தகடுகள், இரும்பு பாகங்களைத் தொடும் ஓரங்களில் வெள்ளைப் பொடியாக உதிர்வது இதனால்தான்.

துரு மின்சாரத்தால் வருகிறது என்றால் மின்சாரத்தாலேயே விரட்டலாமே? விரட்டலாம். வீட்டிலேயே பொறுமையாகச் செய்யக்கூடிய வேலை இது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வாஷிங் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், பயன்படாத ஒரு இரும்புத் துண்டை பாசிட்டிவ் முனையிலும் இணைக்க வேண்டும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பித் துருவை நெகிழ்த்தும். துருவின் ஒரு பகுதி மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாகவும் மாறும். அதைப் பிரஷ்ஷால் தேய்த்தே எடுத்துவிடலாம். மணல் பீய்ச்சுவதைப் போல நல்ல இரும்பைச் சுரண்டாது என்பதுதான் இதன் அழகு. கரைந்துபோன இரும்பு மட்டும் திரும்பி வராது. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

சில விஷயங்களில் விளையாடக் கூடாது. ஹைட்ரஜன் தீப்பற்றும், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாசிட்டிவ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் கிளம்பும். அலுமினியமும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடலும் காரத்தில் அரிக்கப்படும்; அவற்றைத் தொட்டியில் போடவே கூடாது. ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்ததும் நன்றாக உலர்த்தி உடனே பிரைமர் அடிக்க வேண்டும். இல்லையென்றால் சுத்தமான அந்த இரும்பின் மேல் சற்று நேரத்திலேயே மஞ்சள் படர ஆரம்பித்துவிடும்.

பெட்ரோல் கெடுவது இன்னொரு கதை. கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகிறது. மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, பெட்ரோல் பீறிடும் ஜெட் துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலானால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜின் பெட்ரோலை இழுப்பதும் அடியிலிருந்துதான்.

பிரேக் ஆயிலும் இதே குணம் கொண்டது. கிளைகால் வகை ஆயில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரத்தை மெல்ல வாங்கிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே ஆவி உண்டானால், மிதி அப்படியே தரைவரை இறங்கும். நிற்கும் காரிலோ அதே நீர், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரைப் பொத்தல் பொத்தலாக அரித்து பிஸ்டனை இறுக்கிவிடும். ராடாலும் கேபிளாலும் பிரேக் பிடிக்கும் மிகப் பழைய கார்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939 மாடலில்தான்.

இத்தனையும் தெரிந்த பலர், "வாரம் ஒரு முறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுவேன்" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் காருக்குக் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. இன்ஜின் சூடாக இருந்தால் ஆவியாக வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் சைலன்சருக்குள் நீராகத் தங்கும். கொஞ்சம் ரிங்கைத் தாண்டி இறங்கி, இன்ஜினின் அடியில் உள்ள சம்ப் தொட்டியின் ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளிர்மஞ்சளாக நுரைத்த பசை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். எரிபொருளின் அமிலக் கழிவும் அந்த நீரில் சேர்ந்து பேரிங்கைத் தாக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலையும் கழுவிவிடும்.

1960-களுக்கு முந்தைய பல கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சம்ப்பில் சேரும் ஆவியை வெளியே இழுக்க இன்ஜினிலிருந்து கீழ்நோக்கி ஒரு குழாய் மட்டுமே இருக்கும். கார் வேகமாகப் போகும்போது அடியில் ஓடும் காற்றுதான் அந்தக் குழாயின் வாயில் உறிஞ்சலை உண்டாக்குகிறது. நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விட்டால் அங்கே உறிஞ்சல் ஏது?

எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் போதும் என்று திரும்பக் கூடாது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டுகிறது. ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அப்படி ஓட்ட வழியில்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல். பழைய ஆயிலை மாற்றி, கிண்ணத்துப் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமுள்ள துணி உறையால் மூடி நிறுத்திவிடலாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

பல வருடம் தூங்கிய இன்ஜினை எழுப்புவதானால் சாவியைத் தொடவே வேண்டாம். ரிங் துருவோடு சிலிண்டரில் ஒட்டியிருந்தால், செல்ஃப் ஸ்டார்ட்டர் அடித்த வேகத்தில் ரிங் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு இன்ஜினின் முன்புறம் உள்ள கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்க்கலாம். முழுச் சுற்று வந்த பிறகு புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃபால் சுற்ற வேண்டும். பிளக்குகளை மாட்டி முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலும் பழைய டேங்க்கிலிருந்து வேண்டாம். பம்ப்பின் குழாயைப் புதுப் பெட்ரோல் உள்ள ஒரு சின்ன கேனில் விட்டுக்கொள்ளலாம்.