படுக்கையை விட்டு இறங்குங்கள், நுரையீரல் கிழிந்துவிடாது

நோயிலிருந்து மீண்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கொடுக்கிற என்னிடம் போன வாரம் ஒருவரை அழைத்து வந்தார்கள். அழைத்து என்ன, ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் டிரைவர், தூக்காத குறை. வயது 52, அரிசி மண்டி வைத்திருப்பவர். பன்றிக் காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, 11 நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்திருக்கிறார். வீடு திரும்பி 7 வாரம். அந்த 7 வாரமும் கட்டில்தான். சாப்பாடு ஊட்டிவிடுகிறார்கள், பாத்ரூமுக்குக்கூடக் கைத்தாங்கல்.

"லங்ஸ் சுருங்கிடுச்சாம் மேடம். இந்தப் பந்து மெஷின் குடுத்தாங்க. தினமும் ஊதுறாரு, ஒரு பந்துகூட அசைய மாட்டேங்குது" என்றார் மனைவி. பையிலிருந்து அந்த மூன்று பந்துக் கருவியை எடுத்து மேசையில் வைத்தார், சாட்சி போல.

"ஐயா, எப்படிச் செய்யுறீங்க, காட்டுங்க."

குழாயை வாயில் வைத்தார். கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, ஊதினார். பந்து அசையவில்லை. எப்படி அசையும்? அது ஊதும் கருவியே இல்லை. உறிஞ்சும் கருவி. இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கச் சொன்னேன். முதல் பந்து டக்கென்று மேலே போய் நின்றது. இரண்டாவது துள்ளி எட்டிப் பார்த்தது. அந்த அம்மா அழுதுவிட்டார். எனக்கோ கோபம். 7 வாரமாக ஒரு மனிதர் தினமும் காலையில் ஊதி ஊதி, தன் நுரையீரல் செத்துவிட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதியிருக்கிறார். கருவியைக் கையில் கொடுத்த நேரத்தில் யாராவது 2 நிமிடம் நின்று சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். எங்கள் தொழில்காரர்கள் மேலும் இதில் பழி உண்டு, மறுக்கவில்லை.

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

கருவியை வைத்துவிட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 96 சதவீதம், இயல்புதான். அறைக்குள் 40 அடி நடக்க வைத்தேன். மேல்மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார்கள் வீட்டார். விரலைப் பார்த்தேன். 95. ஆக்சிஜன் இறங்கவே இல்லை. அப்புறம், "கையை மார்பில் கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்க" என்றேன். முடியவில்லை. மூன்று முறை முயன்றும் இடுப்பு இருக்கையை விட்டுக் கிளம்பவில்லை. பேண்ட்டில் பெல்ட்டுக்குப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். தொடை என் முன்கையை விடக் கொஞ்சம்தான் பருமன்.

மூச்சு வாங்கினால் கோளாறு நுரையீரலில்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைப் பொறுமை இழக்க வைப்பது இந்த ஒன்றுதான், எனவே நீட்டி முழக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தசை வற்றிப்போன கால், 10 அடி நடப்பதற்கே படாத பாடு படும். சீக்கிரம் களைத்து, கூடுதல் காற்று கேட்கும். நீங்கள் ஒரு வண்டியை முதல் கியரிலேயே மேட்டில் ஏற்றினால் எஞ்சின் அலறுமே, அதுபோல. அலறல் வருகிற இடம் நெஞ்சு. பழுது இருக்கிற இடம் தொடை. மூச்சு வாங்குகிறதே என்று படுக்கப் போடுகிறீர்கள், படுத்ததால் தசை இன்னும் வற்றுகிறது, அடுத்த முறை எழுந்தால் இன்னும் அதிகமாக மூச்சு வாங்குகிறது, "பாருங்க, மோசமாகுது" என்று மறுபடி படுக்கை. இந்தச் செக்குமாட்டுச் சுற்றில்தான் இவர் 7 வாரம் இருந்திருக்கிறார்.

நானாகச் சொல்வதில்லை இது. கனடாவின் டொரன்டோவில், நுரையீரல் கடுமையாகச் செயலிழந்து ஐசியூவில் கிடந்து பிழைத்தவர்களை 5 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2011ல் வெளியானது. நுரையீரலின் செயல்திறன் கிட்டத்தட்ட இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால் 6 நிமிடத்தில் நடக்க முடிந்த தூரமோ, அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் 76 சதவீதம்தான். 5 ஆண்டுக்குப் பிறகும்! மூச்சு திரும்பிவிட்டது, உடம்பு திரும்பவில்லை.

சரி, அந்த ஸ்கேன் கவர். இவர் வீட்டில் மூன்று சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், 7 வாரத்துக்குள். ரிப்போர்ட்டில் 'பைப்ரோட்டிக் பேண்ட்ஸ்', அதாவது தழும்புக் கோடுகள், என்ற வரியை மகன் மஞ்சள் ஹைலைட்டர் போட்டு வைத்திருந்தார். தம்பி, நிமோனியா ஆறுகிற வழியில் இந்தக் கோடுகள் பலருக்கும் விழும். பெரும்பாலும் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். 2003ல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று வந்த பீஜிங் மருத்துவமனை ஊழியர்களை 15 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கேனில் சராசரியாக 9 சதவீதத்துக்குச் சற்று மேல் தெரிந்த பாதிப்பு, ஓராண்டில் 3 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. மாதாமாதம் எடுத்துப் பார்த்தால் அது வேகமாக ஆறாது. சாதாரண எக்ஸ்ரேயை விடப் பல பத்து மடங்கு கதிர்வீச்சுதான் மிச்சம். சுமார் 12 வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் மட்டும் மேற்கொண்டு ஸ்கேன். அதை உங்கள் நுரையீரல் மருத்துவர் முடிவு செய்யட்டும், லேப் வாசலில் நின்று நீங்கள் செய்யாதீர்கள்.

உண்மையாகவே நிரந்தரத் தழும்பு தங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்கள், வெகுநாள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் இதில் அதிகம். நடக்கும்போது அவர்களுக்கு ஆக்சிஜன் இறங்கும். அவர்களுக்கும் பயிற்சி உண்டு, பக்கத்தில் ஆள் நின்று, சிலருக்குச் சிலிண்டரோடு.

படுக்கையே வைத்தியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பேன். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928ல் தாம்பரத்தில் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம், தொடங்கிய காலத்தில் காசநோய்க்கு வேறு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. ரயில்வே ஸ்டேஷன் பெயரிலேயே அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. மருந்து வந்த பிறகு, அதே மருந்தைச் சானடோரியத்திலும் வீட்டிலும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது யார்? சென்னைக்காரர்கள்தான். 1959ல் முடிவு வந்தது: நெருக்கடியான வீட்டில், சுமாரான சாப்பாட்டோடு, வேலையும் பார்த்துக்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமானார்கள். உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. நம் ஊர் கண்டுபிடித்தது நம் வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

காய்ச்சல் அடிக்கும்போது படுங்கள், யார் வேண்டாம் என்றது. ஜுரம் விட்டு, வீட்டுக்கு அனுப்பிய பிறகு சாப்பாடு கட்டிலில் வேண்டாம். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையால். நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருங்கள், காலை, மதியம், மாலை. முதலில் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம். வாசல் வரை நடை, பிறகு தெருமுனை வரை. நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது. மூச்சு முட்டினால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுகிற மாதிரி உதடு குவித்து மெல்ல விடுங்கள். பந்துக் கருவியில் மூன்று பந்தையும் படபடவென்று அடிப்பது சாதனை இல்லை. முதல் பந்தை மெதுவாக இழுத்து, 3 நொடி மேலேயே நிறுத்துங்கள் பார்க்கலாம்.

ஆக்சிமீட்டர் மாட்டும் விரலில் நகப்பூச்சு வேண்டாம், விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். நடையில் 4 புள்ளிக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 90க்குக் கீழே போனால் அன்றைக்கு நடை கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு சிலர், நடந்த அன்று நன்றாக இருந்துவிட்டு மறுநாள் அடித்துப் போட்டதுபோல் கிடப்பார்கள். அவர்களை "இன்னும் கொஞ்சம் நடங்க" என்று விரட்டாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். திடீர் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மறுபடி காய்ச்சல்: இதற்கெல்லாம் என்னிடம் வராதீர்கள், நேரே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. மீந்த ஸ்டீராய்டு அட்டையைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்குகிறீர்களே, தெரியாது என்று நினைக்கிறீர்களா? நாள்பட்டால் அந்த மாத்திரை அரித்துத் தின்பது முதலில் தொடைத் தசையை. சர்க்கரை ஏறுவது தனிக் கதை, 2021ல் கருப்புப் பூஞ்சையில் அதைப் பார்த்தோம். அதற்காக வாரக்கணக்கில் சாப்பிட்டதை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எழுதியவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

சாப்பாடு. தாய்மார்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், 7 வாரம் கஞ்சி மட்டும் கொடுத்தால் தசை எதிலிருந்து வளரும்? முட்டை, மீன், பருப்பு, சுண்டல், முடிந்ததைப் போடுங்கள். கஷாயம் குடிக்கட்டும், அது இரைப்பைக்குப் போகும், நுரையீரலைக் கழுவாது.

மண்டிக்காரர் நேற்று இரண்டாம் முறை வந்தார். கைப்பிடியை ஒரு கையால் மட்டும் ஊன்றி 4 முறை எழுந்தார். ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டு என்னை முறைத்தார். அடுத்த வாரம் ஐந்தையும் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் வருவதாக இருந்தால், பின்னால் வார் வைத்த செருப்பு, தளர்வான உடை, மாத்திரைச் சீட்டு, அந்தப் பந்துக் கருவி, இவ்வளவு போதும். ஸ்கேன் கவர் காரிலேயே இருக்கட்டும், கேட்டால் எடுத்து வாருங்கள்.