பின் நம்பர் 1234: புளூடூத் மாட்யூலைச் சுவருக்குள் வைப்பதற்கு முன்

செல்போனில் தொட்டால் லைட்டும் ஃபேனும் ஓடும்படி ஆர்டுவினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டை வைத்து ஸ்விட்ச் போர்டு செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். கல்லூரி புராஜெக்ட்டாகத் தொடங்குவது பல வீடுகளில் நிரந்தரமாகச் சுவரில் ஏறிவிடுகிறது. அதற்குள் பெரும்பாலும் இருப்பது ஹெச்.சி-05 என்ற புளூடூத் மாட்யூல். மேஜைமேல் ஒழுங்காக ஓடியது சுவருக்குள் போனதும் ஏன் மக்கர் செய்கிறது? பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் அது ஏன் இயங்குகிறது?

இந்த மாட்யூல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. அந்தப் பட்டையில் 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 79 சேனல்கள். இணைப்பில் இருக்கும்போது நொடிக்கு 1600 முறை வரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வைஃபை பிடித்துவைத்திருக்கும் சேனல்களைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். ஆகவே 'வைஃபை இடைஞ்சல்' என்று எடுத்ததும் முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். போர்டின் ஒரு முனையில் வளைந்து வளைந்து ஓடும் செப்புக் கோடுதான் அது. அருகில் உலோகம் வந்தால் அதன் ஒத்திசைவு மாறி ரேஞ்ச் சுருங்கிவிடும். சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டி போடுங்கள். ஆன்டெனா முனையைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டராவது ஒயர், ஸ்க்ரூ, பேட்டரி எதுவும் இல்லாமல் விடுங்கள்.

அடுத்தது சப்ளை. லைட்டையும் ஃபேனையும் ஆன்-ஆஃப் செய்யும் மின்காந்த ஸ்விட்சான ரிலே 'டக்' என்று விழும் அதே நொடியில் போன் இணைப்பு அறுந்தால், குற்றவாளி புளூடூத் அல்ல. 5 வோல்ட் ரிலே ஒன்றின் காயில் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். நான்கு ரிலே ஒன்றாக விழுந்தால் சப்ளை ஒரு கணம் சரிந்து மாட்யூல் ரீசெட் ஆகிவிடும். ரிலேவுக்குத் தனி சப்ளை கொடுத்து கிரவுண்டைப் பொதுவாக வைத்து, மாட்யூலுக்குப் பவர் வரும் விசிசி காலை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆர்டுவினோ அனுப்புவதை வாங்கும், மாட்யூலின் ஆர்எக்ஸ் கால் 3.3 வோல்ட்டுக்கானது. ஆர்டுவினோ ஊனோ அனுப்புவது 5 வோல்ட். நேராகக் கொடுத்தாலும் சில காலம் ஓடும் என்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. பிறகு அந்தக் கால் மட்டும் செத்துப்போகும். லைட் எரியும், அணையும், ஆனால் 'ஆன் ஆகிவிட்டது' என்ற பதில் மட்டும் போன் செயலிக்குத் திரும்ப வராது. இப்படி ஒரு பக்கம் மட்டும் ஊமையானால் முதலில் இந்தக் காலைச் சந்தேகியுங்கள். ஆர்டுவினோவிலிருந்து வரும் ஒயரில் 1 கிலோ ஓம், ஆர்எக்ஸிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 3.3 வோல்ட்தான் போய்ச் சேரும்.

இவையெல்லாம் பழுதுகள், பின் நம்பர் ஆபத்து. ஹெச்.சி-05 பெரும்பாலும் 1234 அல்லது 0000 என்ற பின்னோடுதான் வருகிறது. இணைப்பில் இல்லாத நேரமெல்லாம் சுற்றியுள்ள போன்களில் அதன் பெயர் தெரியும். 1234 அடித்து உள்ளே வருபவர் யார் என்று அது கேட்காது. வந்த எழுத்தை அப்படியே ஆர்டுவினோவிடம் கொடுத்துவிடும்.

மாற்றுவது எளிது. போர்டில் உள்ள சிறு பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுங்கள். எல்இடி மெதுவாக, இரண்டு நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் கமாண்ட் நிலைக்கு வந்துவிட்டது. கணினியில் ஆர்டுவினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரில் வேகம் 38400, வரி முடிவு 'என்எல்' 'சிஆர்' இரண்டும். ஏடி (AT) என்று அனுப்பி ஓகே வந்தபின், ஏடி+பிஎஸ்டபிள்யூடி (AT+PSWD) கமாண்டில் புது பின்னைக் கொடுங்கள். மாட்யூலுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சிலவற்றில் பின்னை மேற்கோள்குறிக்குள் போட்டால்தான் ஏற்கும். ஏடி+ஆர்எம்ஏஏடி (AT+RMAAD) அனுப்பினால் பழைய இணைப்புகள் அழிந்துவிடும். பெயரையும் மாற்றுங்கள், 'மாடி வீடு' போல இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பெயர் வேண்டாம்.

இதுவும் லைட், ஃபேனுக்குத்தான் போதும். இது புளூடூத் 2.0 காலத்து மாட்யூல். இணையும் தருணத்தை ஒட்டுக்கேட்டவர் நான்கு இலக்கப் பின்னை ஒரு நொடிக்குள் கணக்கிட முடியும் என்று 2005-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கதவுப் பூட்டு, கேட் மோட்டார், கேஸ் வால்வு எதிலும் இதைப் போடவே கூடாது. அவற்றுக்கு புளூடூத் 4.2-இல் வந்த 'செக்யூர் கனெக்‌ஷன்ஸ்' முறை உள்ள ஈஎஸ்பி32 போன்ற சிப் வேண்டும். அதிலும் எண் எதையும் கேட்காமல் இணையும் 'ஜஸ்ட் ஒர்க்ஸ்' முறையை விட்டுவிட்டு, ஆறு இலக்க பாஸ்கீ கேட்கும்படி புரோகிராம் எழுதுங்கள். அந்த பாஸ்கீ 123456 ஆக இருக்க வேண்டாம்.